வேர்க்கடலை தின்றேன் கண்ணு

கண்ணு,

சாப்பிட்டாயா? பதினெட்டு நாளாக உன் போன் வரவில்லை. வேலை இருக்கும், நான் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

கீழ்ப் பல் செட் மாட்டியாயிற்று. தாடையில் வைத்த 2 டைட்டானியம் திருகும் எலும்போடு பிடிக்க 3 மாதம் ஆனது. இப்போது செட்டை வைத்து அழுத்தினால் டக்கென்று உட்காருகிறது. பழையது பேசினாலே எழும்பும், உனக்குத் தெரியுமே. மேல் செட் அண்ணத்தைக் கவ்விக்கொள்ளும், கீழே கவ்வ இடமில்லை, அதனால் அங்கே மட்டும் திருகு என்றாள் டாக்டர் பெண்.

பாதி நீலம், பாதி ரோஸ் என்று ஒரு சூயிங்கம் கொடுத்து 20 தடவை மெல்லச் சொன்னாள். பழைய செட்டில் மென்றபோது இரண்டு நிறமும் வரிவரியாகத் தனித்தனியே நின்றன. இந்த முறை துப்பிக் காட்டினேன், ஒரே கத்தரிப்பூ நிறம். அவளே கை தட்டினாள். அன்று சாயங்காலம் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை தின்றேன். ஆறு வருஷத்துக்கு அப்புறம்! எந்நேரமும் எனக்குக் களியே போதும் என்றேனே, ஏன் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. களியை மெல்ல வேண்டாம், உருட்டி விழுங்கலாம்.

ஆனாலும் சொந்தப் பல் மாதிரி வராது. வேரைச் சுற்றி மெல்லிய நார் இருக்குமாம், சோற்றில் கல் இருந்தால் உடனே காட்டிக்கொடுப்பது அதுதானாம். திருகுக்கு அது கிடையாது. நீ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டு. வேளைக்குச் சாப்பிடு.

இவ்வளவு செலவையும் நான் கேட்காமலேயே நீ செய்தாய். பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியாக வீடியோவில் பேசியபோது உன் கழுத்தில் செயின் இல்லை. வெயிலுக்குக் கழற்றி வைத்திருப்பாய்.

சிரிக்கும்போது கையால் வாயை மூடினாய். இன்னும் மூடுகிறாய். அந்தக் கையை அங்கே வைத்தது நான்தான். நம் போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு உப்பு, உன் பல் ஈறுக்குள் உருவாகும்போதே ஏற்றிய கறை அது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் தண்ணீர்தான் காரணம் என்றாரென்று நீ வந்து சொன்னாய். சாக்கு சொல்லாதே என்றேன். செங்கல் பொடியால் நானே தேய்த்தேன், ஈறில் ரத்தம் வந்தது, நீ அழவில்லை. சொந்தக்காரர் முன்னால் பல் விளக்கத் தெரியாதவள் என்றேன். 2013-ல் போர்வெல்லுக்குப் பதிலாக ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வந்தபோது உனக்குப் பல்லெல்லாம் முளைத்து முடிந்திருந்தது. என்னை மன்னித்துவிடு கண்ணு. டாக்டர் பெண்ணிடம் கேட்டேன், அந்தக் கறைக்கு இப்போது வைத்தியம் இருக்கிறதாம்.

மாந்தோப்புக் குத்தகைப் பணம் வந்தது. உன் கணக்கில் போடச் சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்காதே. அடுத்த தடவை வீடியோவில் வரும்போது செயினைப் போட்டுக்கொண்டு வா.

அம்மா
பாலக்கோடு