ஓவியமா, டிசைன் டெக்னாலஜியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் நீலகிரிப் பள்ளிகளில் பெற்றோர் கேட்கும் கேள்வி இது: பிளஸ் ஒன்னில் பிள்ளைக்கு ஓவியப் பாடமா, ஒரு தேவைக்கான பொருளை வடிவமைத்துச் செய்து சோதிக்கும் டிசைன் டெக்னாலஜியா? நன்றாக வரைகிறாள், ஆகவே ஓவியம். பின்னால் இன்ஜினியரிங்குக்கு உதவும், ஆகவே டிசைன் டெக்னாலஜி என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். இந்தக் காரணங்கள் போதாது. இரண்டு ஆண்டும் பிள்ளை எந்த மாதிரி வேலையில் உட்காரப் போகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நம் மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே சுமார் 12.5 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறும் பாதை. ஓவிய மாணவி அதை எடுத்தால், புகையும் பனிமூட்டமும் ஒன்றில் ஒன்று கரையும் விளிம்பைக் கரித்துண்டில் பிடிப்பதா, ஈரத்தாளில் வாட்டர்கலர் விட்டுப் பிடிப்பதா என்று தாள் தாளாகக் கெடுப்பாள். கேள்வியும் அவளுடையது, எங்கே நிறுத்துவது என்பதும் அவள் முடிவு. டிசைன் டெக்னாலஜி மாணவன் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டங்களைப் பார்ப்பான். ஏன் இரண்டு? ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி ஏன் தள்ளி வைத்தார்கள்? எஞ்சினின் பற்சக்கரப் பிடி ஒருபோதும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. அதை அட்டையில் வெட்டி, பல் இடைவெளியை மாற்றி மாற்றி, எப்போது வழுக்குகிறது என்று அளந்து எழுதுவான். விடை தெரியாமல் நாட்கணக்கில் இருக்கப் பிடித்த பிள்ளைக்கு முதலாவது பாடம் பொருந்தும். இன்னொருவர் தேவைக்கும் மில்லிமீட்டருக்கும் கட்டுப்பட்டு வேலை செய்யப் பிடித்த பிள்ளைக்கு இரண்டாவது.

மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. சிபிஎஸ்இ பிளஸ் டூவில் ஓவியத்துக்கு எழுத்து 30, செய்முறை 70. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸுக்கு எழுத்து 70, செய்முறை 30. அந்த எழுத்துத் தேர்வும் பெரும்பாலும் ஸ்கேலும் காம்பஸும் வைத்து வரைவதுதான். அந்த வாரியத்தில் டிசைன் டெக்னாலஜிக்குப் பக்கத்தில் வரும் பாடம் இதுவே, ஆனால் பொருள் செய்யும் வேலை இதில் குறைவு. ஓவியத்தின் 30 மதிப்பெண் கலை வரலாறு: ராஜஸ்தானி, பஹாரி, முகலாய, தக்காண ஓவியங்கள், வங்காளப் பாணி. கை நன்றாக ஓடும் பிள்ளைகள் கோட்டைவிடுவது இங்கேதான். பிளஸ் டூவுக்கு நிகரான கேம்பிரிட்ஜ் ஏ லெவல் ஓவியத்தில் எழுத்துத் தேர்வு கிடையாது. ஆனால் பாதி மதிப்பெண் தனிப்பட்ட ஆய்வுக்கு, அதில் 1000 முதல் 1500 சொற்கள் வரை கட்டுரை உண்டு. இது தவிர, கண்காணிப்பில் 15 மணி நேரம் படைப்பு செய்யும் தேர்வு. ஓவியம் சோம்பேறிகள் எடுக்கும் பாடம் என்று சொல்பவர்கள் அந்த 15 மணி நேரத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் படிக்கும் கொடைக்கானல் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையே வேண்டாம்: அங்கே டிசைன் டெக்னாலஜி அறிவியல் தொகுதியிலும் ஓவியம் கலைத் தொகுதியிலும் இருப்பதால், பள்ளி இரண்டையும் நடத்தினால் இரண்டையும் எடுக்கலாம்.

ஓவியத்தில் அதிகம் நடக்கும் தவறு, கடைசிப் படத்தை முதலில் முடித்துவிட்டு ஸ்கெட்ச் புக்கைப் பின்னால் நிரப்புவது. மதிப்பிடுபவருக்கு இரண்டு பக்கம் புரட்டினாலே தெரிந்துவிடும். அடுத்தது, நெட்டில் எடுத்த படத்தைப் பார்த்து வரைவது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையலைப் பல பிள்ளைகள் இப்படித்தான் பென்சிலில் படியெடுக்கிறார்கள். அது கோடு போட்டுத் தைக்கும் வேலையே அல்ல; வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலை ஓட்டுவது. துணியைக் கையில் வைத்து இழை எண்ணிய ஒரு பக்கம், அச்சாக வரைந்த பத்துப் பக்கத்தைவிட மதிப்புள்ளது.

டிசைன் டெக்னாலஜியில் முதல் நாளே விடையோடு வருவதுதான் நோய். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு பை என்று வைத்துக்கொள்வோம். ‘உறுதியாக, அழகாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் அதைச் சோதிக்க வழியில்லை. ‘நனைந்த கொழுந்து 15 கிலோ தாங்க வேண்டும், தோள்பட்டி 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஒரு கையால் கழற்ற வர வேண்டும்’ என்று எழுதினால் ஒவ்வொன்றையும் சோதித்து, தோற்றதையும் பதிவு செய்யலாம். தோற்ற மாதிரியைத் தூக்கி எறிவது கையில் இருக்கும் மதிப்பெண்ணை எறிவதுதான்.

மலைக்கென்று சில சங்கடங்கள் உண்டு. மரத்துக்கு நாம் போடும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. ஜனவரி இரவில் ஊட்டிப் பணிமனையில் கிளாம்ப் போட்டு வைத்தால் காலையில் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும், இணைப்பு கையோடு வரும். அக்ரிலிக் பெயின்ட்டுக்கும் இதே காரணம், இதே கதி: குளிரில் காய்ந்த படலம் விரிசல் விடும். பகலில் ஒட்டுங்கள், பகலில் பூசுங்கள். மழைக்காலத்தில் செய்த பலகை ஈரம் இழுத்து, இழைக்குக் குறுக்கே விரிந்திருக்கும், பனிக்காலத்தில் சுருங்கும். சட்டத்துக்குள் நாலு பக்கமும் பசை போட்டு அடைத்தால் வெடிக்கும். சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் பசையில்லாமல் உட்கார வைத்து, இரு ஓரமும் 2, 3 மி.மீ. இடம் விட வேண்டும். ஆயில் பெயின்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் காயும், குளிரில் இன்னும் மெதுவாக. சமர்ப்பிக்க ஒரு மாதமே இருக்கும்போது தடிமனாகப் பூசத் தொடங்கக் கூடாது.

மேற்படிப்பைப் பொறுத்தவரை, கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். வேண்டுமானால் கணிதமும் இயற்பியலும் கட்டாயம்; ஓவியமோ டிசைன் டெக்னாலஜியோ அதற்கு ஈடாகாது. வடிவமைப்புப் பட்டப் படிப்புக்கு ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் நுழைவுத் தேர்வில் கையால் வரையும் பகுதி உண்டு. 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் சேரவும் கை பழகியிருக்க வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பொதுப் பிரிவுகளில் இப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை என்பது எங்கள் மனக்குறை. அவர்கள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்தை லோயர், ஹையர் என்ற இரு நிலைகளில் எழுதலாம்.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பள்ளியின் பணிமனையையும் ஓவிய அறையையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். துளையிடும் இயந்திரம் ஓடுகிறதா, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா, ஓவிய அறைச் சுவரில் பூஞ்சை இருக்கிறதா, ஏ2 தாள்களைப் படுக்கையாக அடுக்கி வைக்க அலமாரி உண்டா என்று பாருங்கள். போன ஆண்டு மாணவர் ஒருவரின் ஸ்கெட்ச் புக்கையும் புராஜெக்ட் ஃபைலையும் கேட்டு வாங்கி, பிள்ளையை அரை மணி நேரம் புரட்ட விடுங்கள்.

இப்படிக்கு,
ஓவியமும் வடிவமைப்பும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
குன்னூர்.