கழுத்தில் கரண்ட் வைக்கும் முன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. மகள் சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் செய்திருக்கிறாள் என்று வாசித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மற்றபடி சுகம்.

பதில் பிந்தியதற்கு நீ கேட்ட கேள்விதான் காரணம். உங்கள் ஆஸ்பத்திரிக்கு விழுங்கல் சிகிச்சைக்கான மின்தூண்டல் கருவி ஒன்று நன்கொடையாக வரப்போகிறது என்றும், "கை காலுக்கு எத்தனை வருஷமாக் கரண்ட் வைக்கிறன், கழுத்துக்கு வைக்க என்னத்துக்குத் தனிப் பயிற்சி?" என்றும் எழுதியிருந்தாய். கட்டாயம் வேண்டும் மச்சான். ஏன் என்று ஆறுதலாகச் சொல்கிறேன்.

பாதம் தொங்குகிற ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே மின்முனைப் பேட் ஒட்டிக் கரண்ட் கொடுத்தால் பாதம் எழும்புவது உன் கண்ணுக்குத் தெரியும். கழுத்தில் அப்படித் தெரியாது. விழுங்கும்போது நாவடி எலும்பும் குரல்வளையும் மேலேயும் முன்னேயும் எழும்ப வேண்டும். அப்போதுதான் மூச்சுக்குழாய் மூடி, உணவுக்குழாயின் வாய் திறக்கும். அவற்றை எழுப்புகிற தசைகள் தாடைக்கு அடியில் இருக்கின்றன. கீழே இழுக்கிற தசைகளோ கழுத்தின் முன்பக்கத்தில், தோலுக்கு மிக அண்மையில். அங்கே பேட்டை ஒட்டினால் கரண்ட் முதலில் பிடிப்பது இந்தக் கீழே இழுக்கிற தசைகளைத்தான். அமெரிக்காவில் கிறிஸ்டி லட்லோவும் அவருடைய குழுவினரும் நாட்பட்ட விழுங்கல் கோளாறு உள்ள 11 பேரை எக்ஸ்ரேக் கதிர்ப்படத்தில் வைத்துப் பார்த்து 2007இல் எழுதினார்கள். விழுங்காமல் சும்மா இருக்கும்போது கரண்டைக் கூட்டினால் நாவடி எலும்பு மேலே போகவில்லை, கீழே இறங்கியது.

அந்தக் கீழிழுப்பையே சிலருக்குப் பாரமாகப் பயன்படுத்தலாம். பாரத்துக்கு எதிராகத் தூக்கினால் தசை பலக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் தூக்கவே சக்தி இல்லாதவருக்குப் பாரத்தைக் கட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். போனாலும் பாரிசவாதம் வந்த பலருக்கு இருமல்கூட வராது. யாருக்கு எங்கே வைப்பது, யாருக்கு வைக்கவே கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் பயிற்சி.

இதை நான் ஒரு தவறு செய்துதான் விளங்கிக்கொண்டேன். பயிற்சிக்கு முன்பு, வேறோர் இடத்தில் வேலை செய்த காலம். ஓர் அம்மாவைக் கட்டிலில் சாய்த்து வைத்து, பேட்டை ஒட்டி, அரை மணி நேரம் கரண்ட் கொடுத்துவிட்டு எழுப்பி அனுப்புவேன். அவர் ஒரு வாய்கூட விழுங்கியதில்லை. இரண்டு கிழமை இப்படியே போனது, ஒரு முன்னேற்றமும் இல்லை. அந்த அம்மா ஒவ்வொரு நாளும் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் சுடும்.

பயிற்சியில் முதல் நாள் கருவியைத் தொடவே விடவில்லை. நான்கு விரலைக் கழுத்தில் வைக்கச் சொன்னார்கள்: சுட்டுவிரல் தாடைக்கடியில், நடுவிரல் நாவடி எலும்பில், மற்ற இரண்டும் குரல்வளையில். பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் விழுங்க, விரலுக்கடியில் அந்த எழுச்சியை எண்ணிக்கொண்டே இருந்தோம். அன்றைக்குத்தான் என் கைக்குக் கண் வந்த மாதிரி இருந்தது.

இப்போது படுவான்கரையில் இருந்து ஓர் ஐயா வருகிறார். வயல்காரர், பாரிசவாதம் வந்து நான்கு மாதம். மகன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி மண்முனைப் பாலத்தால் கூட்டிக்கொண்டு வருவான். முதல் நாள் பேட் ஒட்டவே இல்லை. கழுத்தெல்லாம் வேர்வையும் பவுடரும், நரைத்த தாடி வேறு. மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டுத்தான் ஒட்டினேன். கரண்டை மெல்ல மெல்லக் கூட்டும்போது "எறும்பு ஊருற மாதிரி" என்றார். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். "ஆரோ உள்ளுக்குப் பிடிச்சு இழுக்கிறாங்க தம்பி" என்றார். அதுதான் எனக்குத் தேவையான அளவு. உடனே கரண்டியில் எருமைத் தயிர், மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு. "இறுக்கி விழுங்குங்க ஐயா." என் விரலுக்கடியில் குரல்வளை பாதி தூரம் ஏறி நின்றது, பிறகு முழுக்க ஏறியது. கரண்ட் ஓடும் நேரமெல்லாம் அவர் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். சிகிச்சை என்பது அந்த விழுங்கல்தான் மச்சான், பெட்டி அதற்குத் துணை.

சரி, மற்றதையும் சொல்லிவிடுகிறேன். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி உள்ளவருக்கும் வைக்காதே. கழுத்தின் பக்கவாட்டில், மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் நாடிக்கு மேலே ஒட்டவே ஒட்டாதே, இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். அப்புறம், இதை ஓர் அதிசயமாகச் சொல்லி வருகிறவர்களை நம்பிவிடாதே. இந்த வகைக் கருவிகளில் ஒன்றான வைட்டல்ஸ்டிம்முக்கு அமெரிக்காவில் 2001இலேயே அனுமதி கிடைத்தது, ஆனாலும் ஆய்வுகள் இன்னும் ஒரே பக்கம் சாயவில்லை. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம்கூட 2018இல், பாரிசவாத நோயாளருக்குப் பெரிய ஆபத்து தெரியவில்லை, பலன் இருக்கக்கூடும், ஆனால் சான்று போதாது என்றுதான் சொன்னது. வழக்கமான பயிற்சிகளோடு சேர்த்துச் செய்தால் பயன் உண்டு என்பது என் அனுபவம். தனியாகக் கரண்டை மட்டும் நம்பி நான் யாரையும் இருத்துவதில்லை.

ஆகவே நன்கொடை தருகிறவர்களிடம், கருவியோடு ஒருவருக்குப் பயிற்சிச் செலவையும் கேள். இரண்டில் ஒன்றுதான் தருவோம் என்றால் பயிற்சியைக் கேள். உங்கள் பேச்சு மொழிச் சிகிச்சையாளரையும் சேர்த்துக்கொண்டு போ. கதிர்ப்படம் எடுக்காமல் எவருக்கும் தொடங்காதீர்கள்.

ஐயாவுக்கு இன்னும் பிளேன்டீ கொடுக்க நான் விடவில்லை, தண்ணியாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம் என்று. ஒவ்வொரு முறையும் கேட்பார். அடுத்த மாதம் மறுபடி படம் எடுத்துப் பார்க்க இருக்கிறோம். அந்த நாள் லீவு போட்டுக்கொண்டு வா, அக்கரைப்பற்றிலிருந்து காலை பஸ் பிடித்தால் போதும். உன் விரலையும் அவருடைய கழுத்தில் வைத்துப் பார்க்கலாம். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், அம்மா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி