கால்வெஸ்டன் கரையில் ஒரு பாரை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. கண்புரையை எடுத்த பிறகு செய்தித்தாளின் பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடியில்லாமல் படிப்பதாக எழுதியிருந்தாய். ஆகவே இந்தக் கடிதம் நீண்டுபோவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஹூஸ்டனில் மகன் வீட்டுக்கு வந்த நாள்முதல் கடலைப் பார்க்க வேண்டுமென்று நான் நச்சரித்துக்கொண்டிருந்ததால், சென்ற சனிக்கிழமை அவன் என்னைக் கால்வெஸ்டன் தீவுக்கு வடக்கே ஒட்டிக் கிடக்கும் பெலிக்கன் தீவிலுள்ள சீவுல்ஃப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். பூங்கா என்றதும் பூச்செடிகளை நினைத்துக்கொள்ளாதே. கரையிலேயே மண்ணில் நிலைகொண்டுவிட்ட இரண்டு போர்க்கப்பல்கள், தண்ணீருக்குள் நீண்டு செல்லும் ஒரு மீன்பிடி மேடை, ஓயாத காற்று, அவ்வளவுதான்.

முதலில் உனக்குப் பிடித்த விஷயம். டெக்சாஸில் பெரியவர்கள் கடலில் தூண்டில் போட உரிமம் வேண்டும். வெளியூர்க்காரனான எனக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஒன்று எடுத்துக் கொடுத்தான் மகன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், அரையடி இடைவெளியில் இரண்டு முள் கட்டி, நுனியில் ஈயக்குண்டு தொங்கவிட்டு, இறாலின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு வால் பக்கமாக முள்ளில் கோத்த விதத்தைப் பார்த்தபோது, ஆற்றங்கரையில் நீ எனக்குக் கற்றுக்கொடுத்த அதே கைவேலை என்று தோன்றியது. சற்று நேரத்தில் அவருக்கு ஒரு செம்மீன் மாட்டியது. செப்பு நிறம், வாலடியில் கறுப்புப் பொட்டு. நம் கத்தாழையின் குடும்பம்தான். அவர் அதை அளவுகோலில் கிடத்தினார், பத்தொன்பது அங்குலம். இங்கே இந்த மீன் இருபது அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், இருபத்தெட்டைத் தாண்டினாலும் கட்டுப்பாடு உண்டு. வாலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு தண்ணீரில் நழுவவிட்டார். யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

எனக்கு வாய்த்தது கெளுத்திதான். எங்கே போனாலும் அது என்னை விடாது போலிருக்கிறது. முதுகு முள்ளையும் பக்க முட்களையும் விறைத்துக்கொண்டு கரகரவென்று சத்தம் போட்டது. பெரியவர் இடுக்கியை நீட்டுவதற்குள் அவசரப்பட்டுக் கையால் பிடித்தேன், கட்டைவிரலில் ஏறிவிட்டது. வலி முழங்கைவரை வந்தது. சுடுதண்ணீரில் விரலை வைக்கச் சொன்னார் அவர். அத்துடன் என் மீன்பிடிப்பு முடிந்து, கப்பல் பார்க்கும் படலம் தொடங்கியது.

மேடையிலிருந்து பார்த்தால் தண்ணீரில் பாதி மூழ்கிய சாம்பல் நிறக் கப்பல் ஒன்றும் தெரிகிறது. செல்மா என்று பெயர். முழுக்கக் கான்கிரீட்டால் கட்டியது. முதல் உலகப் போரில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்ததால் இப்படிக் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் அது நீரில் இறங்கிய 28 ஜூன் 1919 அன்றுதான் அந்தப் போரை முறைப்படி முடித்துவைத்த வெர்சாய் உடன்படிக்கையும் கையெழுத்தானது. மறு ஆண்டே மெக்சிகோவின் டாம்பிகோ துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவரில் மோதி உடைந்து, 1922இல் இங்கே கொண்டுவந்து மூழ்கடிக்கப்பட்டது.

கரையிலிருக்கும் நீர்மூழ்கியின் பெயர் கவல்லா. கவல்லா என்பது ஒரு கடல்மீன், நம் பாரை இனத்தைச் சேர்ந்தது. அக்காலத்து அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு மீன்களின் பெயரை வைப்பது வழக்கம்; மீன்பிடி மேடைக்குப் பக்கத்தில் தொண்ணூற்றைந்து மீட்டர் நீளத்தில் ஒரு பாரை கரையேறிக் கிடக்கிறதென்று மகனிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை. 1944 பிப்ரவரி 29 அன்று பணியில் சேர்ந்த இக்கப்பல், தன் முதல் ரோந்துச் சுற்றிலேயே, ஜூன் 19 அன்று பிலிப்பைன் கடலில், பேர்ல் துறைமுகத் தாக்குதலில் பங்கேற்ற ஷோகாகு என்னும் ஜப்பானிய விமானந்தாங்கியை மூழ்கடித்தது. அதன்பின் அதன்மேல் நீருக்கடியில் வெடிக்கும் ஆழ்வெடிகள் நூற்றுக்கும் மேல் வீசப்பட்டும் தப்பித்தது. உள்ளே போனால் அந்த மணிக்கணக்கான காத்திருப்பு எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு புரிகிறது. வட்டக் கதவுகளில் குனிந்து, காலைத் தூக்கிப் போட்டு நுழைய வேண்டும். டார்ப்பிடோக்களுக்கு மேலும் கீழுமாகத் தூங்கும் பலகைகள். எண்பது ஆண்டுகளாகியும் போகாத டீசல் வாடை. விசாகப்பட்டினத்தில் நாமிருவரும் பார்த்த குர்சுரா நீர்மூழ்கி இதோடு ஒப்பிட்டால் மாளிகை.

அருகில் நிற்கும் ஸ்டூவர்ட், நீர்மூழ்கிகளை வேட்டையாடவும் வணிகக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் செல்லவும் கட்டப்பட்ட துணை நாசகாரி. ஹூஸ்டனில் கட்டி 1943இல் பணியில் சேர்த்தார்கள். இந்த வகைக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டும், அமெரிக்காவில் இன்று காட்சிக்கு எஞ்சியிருப்பவை இதுவும் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் நிற்கும் ஸ்லேட்டரும் மட்டுமே. துரு சில இடங்களில் தகட்டை அப்பளம்போல் உரித்திருக்கிறது. 2008இல் ஐக் சூறாவளி இந்தத் தீவுகளின்மேல் ஏறிச் சென்றதையும் கடந்து நிற்கும் கப்பல் அது.

நான் உனக்கு எழுத நினைத்தது ஆனால் இங்கே இல்லாத கப்பலைப் பற்றி. பூங்காவுக்குப் பெயர் தந்த சீவுல்ஃபும் ஒரு நீர்மூழ்கி. 1944 அக்டோபர் 3 அன்று, மொரோட்டாய் தீவுக்கருகே, ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று ஷெல்டன் என்ற அமெரிக்கத் துணை நாசகாரியைத் தாக்கியது. உடனிருந்த ரோவெல் என்ற துணை நாசகாரி எதிரியைத் தேடிக் கிளம்பி, நீருக்கடியில் ஒரு கப்பலைக் கண்டுபிடித்துத் தாக்கியது. தாக்கிய இடம், நட்பு நீர்மூழ்கிகள் அச்சமின்றிச் செல்வதற்கென்று ஒதுக்கப்பட்ட பாதை. கீழிருந்து ஒலிக் குறிப்புகள் வந்தனவாம். அடையாளக் குறி போலில்லை, தங்கள் கருவியைக் குழப்ப எதிரி செய்யும் தந்திரம் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். சீவுல்ஃப் திரும்பவேயில்லை. அன்று ரோவெல் தாக்கியது அதைத்தான் என்பதே பெரும்பாலும் ஏற்கப்பட்ட கருத்து. பயணிகளாக வந்த படைவீரர்களையும் சேர்த்து ஏறக்குறைய நூறு பேர்.

இப்போது அந்தப் புல்வெளியை நினைத்துப் பார். துணை நாசகாரியால் மாண்டதாகக் கருதப்படும் நீர்மூழ்கியின் பெயர் கொண்ட இடத்தில், ஒரு நீர்மூழ்கியும் ஒரு துணை நாசகாரியும் அடுத்தடுத்து நிற்கின்றன. திட்டமிட்டு வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. கிடைத்த கப்பல்களை நிறுத்தியிருக்கிறார்கள். கவல்லாவையே 1950களின் தொடக்கத்தில், மூக்கில் பெரிய ஒலியுணர் கருவியைப் பொருத்தி, மற்ற நீர்மூழ்கிகளைக் கேட்டு வேட்டையாடும் கப்பலாக மாற்றினார்கள் என்று படித்தபோது, ஸ்டூவர்ட்டின் மேல்தளத்தில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டேன். கால்வலியும் ஒரு காரணம்.

மாலையில் மேடைக்குத் திரும்பினோம். பெரியவர் அதே இடத்தில், தூண்டில் நரம்பின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இழுவை வந்ததும் நிமிர்ந்து, இரண்டு நொடி பொறுத்து, "கெளுத்தி" என்றார். தூக்கிப் பார்த்தால் கெளுத்தியேதான். கூழைக்கடா ஒன்று அவர் காலருகே வந்து காத்திருந்தது.

என் கட்டைவிரல் இன்னும் லேசாக வீங்கியிருக்கிறது. சின்ன வயதில் கெளுத்தி குத்தினால் ஏதோ ஒரு பச்சிலையைக் கசக்கி வைத்துக் கட்டுவாயே, அதன் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. என்னைக் கேலி செய்து முடித்த பிறகு, அதையும் மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்