தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, அக்காவும் குட்டியும் தேங்க்ஸ்கிவிங்குக்கு வந்துவிட்டுப் போனார்கள், கொலம்பஸில் இந்த வருஷம் பனி சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. உனக்குப் போன் பேச நேரம் இருக்காது என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். படுக்கப் போகும்போது படி. உடனே பதில் போட வேண்டும் என்றில்லை, ஆனால் போடு.

உங்கள் கல்லூரி ஃபுட்பால் அணியின் கோச்சை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்ற விஷயம் எங்களுக்குத் தெரியும். நீ சொல்லித் தெரியவில்லை, கோயம்புத்தூரிலிருந்து பெரிய மாமா செய்தி அனுப்பித்தான் தெரிந்தது. அமெரிக்க ஃபுட்பால் என்றாலும் உருண்டைப் பந்து என்று நினைக்கிற மனுஷன் அவர், அவருக்குக்கூட எனக்கு முன்னால் தெரிந்துவிட்டது. நான் அனுப்பின மெசேஜுக்கு நீ கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டியிருந்தாய். அதை வைத்து நான் என்ன புரிந்துகொள்வது? சரி, விடு. அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை.

இந்த 2025 சீசனில் உங்கள் ஊரில் மட்டுமா நடந்தது? செப்டம்பர் 14-ஆம் தேதி ஒரே நாளில் வர்ஜீனியா டெக், யூசிஎல்ஏ இரண்டு கல்லூரிகளிலும் கோச்சை வேலையை விட்டு அனுப்பினார்கள், அப்போது மூன்று ஆட்டம்தான் முடிந்திருந்தது. அடுத்த வாரமே ஓக்லஹோமா ஸ்டேட்டில் மைக் கண்டி, 2005-இலிருந்து ஒரே இடத்தில் இருந்த மனிதர். அக்டோபரில் பென் ஸ்டேட்டில் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின். ஜனவரியில்தான் பிளேஆஃப் அரையிறுதி வரைக்கும் அணியைக் கொண்டுபோனவர், வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றதும் அனுப்பிவிட்டார்கள். ஃபுளோரிடாவில் பில்லி நேப்பியரை ஜெயித்த மறுநாளே நீக்கினார்கள். அதற்கடுத்த வாரம் எல்எஸ்யூவில் பிரையன் கெல்லி. நான் இதையெல்லாம் ராத்திரி படுக்கையில் போனை வைத்துக்கொண்டு படிக்கிறேன், அப்பா திட்டுகிறார், திட்டிவிட்டு அவரும் எட்டிப் பார்க்கிறார்.

முன்பெல்லாம் சீசன் முடியும்வரை பொறுப்பார்கள் என்று நீதான் சொல்வாய். இப்போது பள்ளிப் பையன்கள் எந்தக் கல்லூரிக்கு ஆடுவது என்று கையெழுத்துப் போடும் நாளே டிசம்பர் முதல் வாரத்துக்கு வந்துவிட்டது, அது முடிந்த கையோடு ஜனவரியில் மாணவர்கள் கல்லூரி மாறும் போர்ட்டல் திறக்கிறது. அதற்குள் புது ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அதனால் பழையவரை அக்டோபரிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அப்படி முன்னாலேயே அனுப்பியும் பென் ஸ்டேட்டுக்குக் கையெழுத்து நாள் வந்தபோது கோச் இல்லை, இரண்டு நாள் கழித்துத்தான் அயோவா ஸ்டேட்டிலிருந்து மேட் கேம்பல் கிடைத்தார். அங்கே வேலை பார்த்தவர்கள் அந்த ஏழெட்டு வாரம் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோச்சைப் பற்றி இல்லை, மற்றவர்களைப் பற்றி.

கோச்சுகளுக்கு என்ன, நடுவில் அனுப்பினாலும் பணம் வருகிற மாதிரி கையில் ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023-இல் ஜிம்போ ஃபிஷரை 51-10 என்று ஜெயித்த மறுநாள் அனுப்பியதே, ஏறக்குறைய 76 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டுதானே அனுப்பியது? அவர் வேறு வேலைக்குப் போனாலும் அதில் ஒரு டாலர் கழிக்க முடியாதபடி எழுதி வாங்கியிருக்கிறார். கெல்லிக்கு 54 மில்லியன். அதிலும் பார், அவ்வளவு தெளிவாகக் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கே அவர் வழக்குப் போட வேண்டி வந்தது. ஃபிராங்க்ளினுக்கு 50 மில்லியனை ஒட்டி வரவேண்டியிருந்தது, அவர் ஐந்தே வாரத்தில் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்துவிட்டதால் அதை 9 மில்லியனாகக் குறைத்துப் பேசி முடித்துக்கொண்டார்கள். நெப்ராஸ்காவில் 2022-இல் ஸ்காட் ஃப்ராஸ்டுக்கு இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் பாதித் தொகை மிச்சமாகியிருக்கும், 15 மில்லியன் ஏழரையாகியிருக்கும், அதைக்கூடப் பொறுக்கவில்லை. பணம் கொடுத்து அனுப்புவது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை போலிருக்கிறது.

ஆனால் அந்தச் செய்திகளில் எதிலுமே, எவ்வளவு தேடினாலும், கோச்சுக்குக் கீழே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி இல்லை. கல்யாணச் சமையலுக்கு ஒரு மாஸ்டரைப் பேசினால் அவர் தன் ஆட்களோடுதான் வருவார், காய் நறுக்குகிறவர்வரை அவர் ஆள்தான், பழைய மாஸ்டரின் ஆட்களுக்கு அங்கே அடுப்பு கிடையாது. இதுவும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். உங்கள் புது கோச்சின் பிரஸ் மீட்டை நான் முழுசாகப் பார்த்தேன். பழைய இடத்திலிருந்து யார் யாரைக் கூட்டிவருகிறேன் என்று அவர் சொன்னபோது உன் குவாலிட்டி கன்ட்ரோல் வேலையைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சொல்லவில்லை. சொல்லாதது நல்லதாகவும் இருக்கலாம்.

தம்பி, ஒன்று மட்டும். உன் இன்ஹேலரை இந்த மாதமே இரண்டு மூன்றாக வாங்கி வை. எதற்கும் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன். 2009-இல் அப்பாவை அந்தக் கம்பெனியில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு அனுப்பினார்களே, காப்பீடு மாதக் கடைசி வரைக்கும்தான் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அடுத்த மாதம் நாலாம் தேதி ராத்திரி உனக்கு இழுப்பு வந்து எமர்ஜென்சியில் உட்கார்ந்திருந்தோம். அந்த பில்லைக் கட்டி முடிக்க எவ்வளவு காலம் ஆனது என்று அக்காவைக் கேள். கோச்சுகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். ஜிம்மி செக்ஸ்டன் என்று ஒருவர் பாதிப் பேருக்குப் பேசிக் கொடுக்கிறாராம். உனக்கு யார் பார்ப்பார்கள்? அதனால் எச்ஆரில் யாராவது எதையாவது வாயால் சொன்னால், 'அதையே ஒரு மெயிலாகப் போட்டுவிடுங்கள்' என்று கேள். சம்பளம் எந்தத் தேதி வரை, காப்பீடு எந்தத் தேதி வரை, எல்லாம் எழுத்தில். நீ கேட்கக் கூச்சப்படுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கூச்சப்படாதே.

அப்புறம், வீட்டு லீஸ் எப்போது முடிகிறது? மார்ச்சா, மே மாதமா? சும்மா கேட்டேன்.

அப்பாவோடு எனக்கு இதில் ஒரு வாக்குவாதம். கோச்சை வேலைக்கு எடுக்கிற அத்லெட்டிக் டைரக்டருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை என்றேன், ஆகிறது என்றார். 2017-இல் ஜிம்போவை ஏ அண்ட் எம்முக்குக் கூட்டிவந்ததும் ஸ்காட் வுட்வர்ட், 2021-இல் எல்எஸ்யூவுக்குக் கெல்லியைக் கூட்டிவந்ததும் அவரேதான். கெல்லி போன நாலாம் நாள் அவரும் போனார், கவர்னரே நடுவில் வந்து அடுத்த கோச்சை வுட்வர்ட் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று சொன்ன பிறகு. ஆக, மேலே இருக்கிறவருக்கும் பயம்தான் என்கிறார் அப்பா. அந்தப் பயத்தில்தான் ஏற்கெனவே பெயர் எடுத்தவருக்குப் பத்து வருஷ ஒப்பந்தம் எழுதுகிறார்கள், பிறகு அதை உடைக்க அவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது அவர் கட்சி. இருக்கலாம். ஆனால் பயந்தவர்கள் எல்லோருக்கும் கையில் காசு இருந்தது என்பது என் கட்சி.

இந்த வேலைக்கு நீ போனபோது நான் பேசியதை நீ மறக்கவில்லை என்று தெரியும். இன்ஜினியரிங் முடித்த பிள்ளை விடிகாலை நாலு மணிக்கு எழுந்து வீடியோ வெட்டி, ஒவ்வொரு பிளேவுக்கும் எந்த டவுன், எத்தனை யார்டு, எந்த ஃபார்மேஷன் என்று குறிப்பு எழுதுவதற்கா என்று கேட்டேன். இப்போதும் அந்தச் சம்பளம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அக்டோபரில் அந்த ராத்திரி ஆட்டத்தில், மூன்றாவது குவார்ட்டரில், கேமரா அப்படியே பெஞ்ச் பக்கம் திரும்பியபோது நீ நின்றாய். காதில் ஹெட்செட், வாயில் பேனா மூடி, ஒரு கையில் லாமினேட் செய்த தாள். உன்னைவிட இரண்டு மடங்கு உயரமான ஒரு பையன் குனிந்து நீ காட்டியதைப் பார்த்துத் தலையாட்டினான். அதை அப்பா ரிவைண்ட் செய்து போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். கோவிலில் யாரைப் பார்த்தாலும் காட்டுகிறார். அந்த வரிசையில் நம் நிறத்தில் வேறு ஒருத்தரும் இல்லை. என் பிள்ளை அங்கே தானாகப் போய் நின்றான், யாரும் கைப்பிடித்துக் கூட்டிப் போகவில்லை.

அதுதான் எனக்கு ஆற்றாமை. பெரிய கோச்சுகளைப் பார், லேன் கிஃபினின் அப்பா கோச். கர்ட் சிக்னெட்டியின் அப்பா கோச். கிஃபினிடம் ஓல் மிஸ் கல்லூரியில் அஃபென்ஸ், அதாவது தாக்குதல் ஆட்டம், பார்த்துக்கொண்ட சார்லி வைஸ் ஜூனியரின் அப்பா நோட்டர் டேமின் ஹெட் கோச்சாக இருந்தவர். ஒரு இடத்தில் வேலை போனால் அவர்களுக்கு அடுத்த இடத்தில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருப்பார். உனக்குப் பேச ஆளில்லை. ஆனால் ஆளில்லாதவர்களும் வந்திருக்கிறார்கள், அதை எனக்குச் சொன்னதே நீதான். ஆரிகனின் ஹெட் கோச் டேன் லேனிங் மிசூரியில் ஸ்கூல் வாத்தியாராக இருந்தவர், வேலை கேட்பதற்காக ராத்திரி முழுக்கக் காரோட்டி பிட்ஸ்பர்க் போய் நின்றவர். ஸ்டீவ் சார்க்கிசியனை 2015-இல் யூஎஸ்சி சீசன் நடுவில் அனுப்பியது, அடுத்த வருஷம் அலபாமாவில் ஹெட் கோச் நிக் சேபனிடம் அனலிஸ்ட்டாக, கிட்டத்தட்ட உன் வேலையில் உட்கார்ந்தார், இன்று டெக்சஸின் ஹெட் கோச். சிக்னெட்டி 2011-இல் சேபனிடமிருந்து விலகி ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனார், ஸ்காலர்ஷிப்புக்கே திண்டாடுகிற, டிவிஷன் டூ என்கிற கீழ்நிலைப் போட்டியில் ஆடுகிற இடம். எந்தக் காலத்திலும் தோற்றுக்கொண்டிருந்த இண்டியானாவை இந்த டிசம்பரில் அவர்தான் நம் ஓஹையோ ஸ்டேட்டை 13-10 என்று ஜெயிக்க வைத்தார். நம் தெருவில் அன்று ஒருவரும் வெளியே வரவில்லை. போன வருஷம் மிச்சிகனிடம் தோற்றதும் நம் கோச் ரயன் டேயை அனுப்பு என்று கத்தினார்களே, அதே தெருதான், ஜனவரியில் அவர் சாம்பியன்ஷிப் வாங்கியதும் கார் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றினார்கள். அந்த நவம்பரில் அவரை அனுப்பியிருந்தால் அவரோடு எத்தனை குடும்பங்கள் வீடு மாறியிருக்கும்.

நீ தைரியசாலி, எனக்குத் தெரியும். ஆனால் எதுவும் நடக்காத மாதிரி இருப்பது தைரியம் இல்லை, தம்பி. அப்பாவுக்கு அன்று நடந்ததை அப்பா அன்று ராத்திரியே எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார், நீயும் அங்கே உட்கார்ந்திருந்தாய். அதற்குமேல் நான் சொல்லமாட்டேன்.

உன் பழைய கோச் நல்ல மனிதர் என்று சொல்வாயே, அவரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் இப்போதே வாங்கிக்கொள். அவர் வேறு எங்காவது சேர்ந்துவிட்டால் நூறு பேர் கேட்பார்கள். அவர் எங்கே போனாலும் உன்னைக் கூப்பிடுவார் என்று நம்பி இருந்துவிடாதே, கூப்பிட்டால் சந்தோஷம். உன் ஹார்டு டிரைவில் இருக்கிற உன் சொந்த ரிப்போர்ட்டுகளில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள். அதையும் எழுத்தில். இன்ஹேலர் வாங்கினாயா?

ஜனவரியில் கோச்சுகள் எல்லோரும் கூடுகிற மாநாடு வருகிறதே, ஹோட்டல் லாபியில் நின்றே பாதிப் பேருக்கு வேலை கிடைக்கும் என்று நீ சொன்னது, அதற்கு நீ போகிறாயா இல்லையா என்று சொல். வேலை போனாலும் இருந்தாலும் நாலு பேரைப் பார்த்து வைப்பது நல்லதுதானே. விமான டிக்கெட்டும் அறை வாடகையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இதில் ரோஷம் வேண்டாம், அக்காவுக்கு எம்பிஏவுக்குக் கட்டினோம், உனக்கு ஒன்றும் கட்டவில்லை. அப்பா வியாழக்கிழமைக்குள் தேதி கேட்கிறார், விலை ஏறிக்கொண்டிருக்கிறதாம். கொலம்பஸ் வழியாகப் போட்டால் நடுவில் மூன்று நாள் இங்கே இருக்கலாம். எந்தத் தேதி என்று மட்டும் அனுப்பு, மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

அம்மா