கறுப்பு உடையில் மூன்று மடிப்பு வைத்தவருக்கு

அன்புள்ள உறவினருக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், முகம் தெரியாத நண்பர்களுக்கும்,

மார்ச் மாதம் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுண்டியில் ஒரு கார் மோதி அப்பாவையும் அம்மாவையும் இழந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குமேல் அதைப் பற்றி எழுதப்போவதில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் நீளமானது. பனி உருகிய நாளிலிருந்து சோளம் அறுத்து முடிந்த இந்த நாள்வரை அது வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. போன சனிக்கிழமை இரவு ஒன்று கண்ணில் பட்டது. அதற்குப் பிறகும் எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

நாங்கள் ஆமிஷ்: குதிரை வண்டியில் போய், வீட்டில் மின்சாரம் இல்லாமல் பழைய வழக்கப்படி வாழும் கிறிஸ்தவச் சபையினர். ஆமிஷ் அல்லாத அண்டை வீட்டார் சிலரும் இந்த மடலைப் படிக்கக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக நம் வழக்கங்கள் சிலவற்றை இடையிடையே விளக்கிக்கொண்டு போவேன். நம்மவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நன்றி ஒருவருக்கு. அவர் யார் என்று எனக்குத் தெரியாது.

பெற்றோர், உடன்பிறந்தவர் என்று நெருங்கிய உறவை இழந்தால் எங்கள் பெண்கள் ஓராண்டுக்கு வெளியே கிளம்பும்போது கறுப்பு உடுத்துவார்கள். இறந்த மூன்றாம் நாள் அடக்கம். அதற்குள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் உடை தயாராக வேண்டும். பாட்டியிடம் கறுப்பு உடை இருந்தது. அந்த வயதில் எவரிடமும் இருக்கும். எனக்கும் தங்கைக்கும்தான் இல்லை. யாரோ அளவுக்கு எங்கள் பழைய உடைகளை எடுத்துப் போனார்கள். யாரோ துணி வெட்டினார்கள். எங்கோ ஒரு வீட்டில் விடிய விடிய யாரோ தையல் மிஷினை மிதித்திருக்கிறார்கள். அடக்கத்தன்று காலை இரண்டு உடைகளும் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பொட்டலமாக வாசல் பெஞ்சில் இருந்தன. எடுத்து உடுத்திக்கொண்டோம். தைத்தது யார் என்று கேட்கும் நிலையில் அன்று நாங்கள் இல்லை.

தங்கைக்குப் பதினொரு வயது. கண்ணெதிரே வளர்கிற பருவம். வசந்தத்தில் கெண்டைக்காலுக்குக் கீழே நின்ற உடை, அக்டோபரில் முழங்காலை நோக்கி ஏறிவிட்டது. உடையின் நீளத்துக்கு எங்கள் சபை ஒழுங்கில் ஓர் அளவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் என்னைக் கலக்கியது அது இல்லை. நவம்பர் வந்தால் கல்யாணங்கள் தொடங்கிவிடும், செவ்வாயும் வியாழனும் எங்காவது பந்தி இருக்கும். அதற்குள் அவளுக்குப் புதிதாக ஒன்று தைத்தாக வேண்டும். கடைக்குப் போய்க் கறுப்புத் துணி கேட்க வேண்டும், அதை மேசைமேல் விரிக்க வேண்டும், கத்தரிக்கோலை வைக்க வேண்டும். மார்ச்சில் இதையெல்லாம் எனக்காக யாரோ செய்துவிட்டார்கள். எதுவும் உறைக்காத நாட்கள் அவை. இப்போது நானே, புத்தி தெளிந்திருக்கும்போது, அந்தத் துணியை வெட்ட வேண்டும். நாளை பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை இரவு எல்லாரும் படுத்தபிறகு, கீழ்விளிம்பைப் பிரித்தால் அரை அங்குலமாவது கிடைக்குமா என்று அவளுடைய உடையை உட்புறம் திருப்பி விளக்கடியில் விரித்தேன். விளிம்பில் வழக்கமான மடிப்பு இருந்தது. அதற்குமேல் உட்பக்கமாக மடித்துத் தைத்த மடிப்பு ஒன்று. அதற்கும் மேலே இன்னொன்று. அதற்கும் மேலே மூன்றாவது. வளர்கிற பிள்ளைகளின் உடையில் ஒரு மடிப்பு வைத்துத் தைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மூன்று வைத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் ஓர் அங்குல அகலம், பிரித்தால் இரண்டு அங்குலம் இறங்கும். அத்தனை மாதம் அந்த உடையைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டவள் நான். அவசர அவசரமாகத் தைத்ததில் துணி கொஞ்சம் தடித்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

பிரிக்கலாம் என்று ஊசியை எடுத்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். மடிப்பின் உட்பக்கம் ஓடுகிற நூல் கறுப்பு இல்லை; வெளிர் சாம்பல் நிறம்.

தைக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மிஷின் தையலில் மேலே ஊசியில் ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். கறுப்புத் துணியில் கறுப்பு நூலைப் பிரிப்பதுபோல் கண்ணைக் கெடுக்கிற வேலை வேறு இல்லை. பகல் வெளிச்சத்திலேயே தையல் எது, துணி எது என்று தெரியாது. மின்சாரம் இல்லாத வீட்டில் இரவில் உட்கார்ந்தால் நூலோடு துணியையும் அறுத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். இவர் மேல் நூலைக் கறுப்பாகவே விட்டு, பாபினில் மட்டும் சாம்பல் நூலைச் சுற்றியிருக்கிறார். வெளியே எதுவும் தெரியாது. உள்ளே திருப்பினால், எங்கே ஊசி வைக்க வேண்டும் என்று வரிசையாகத் தெரியும். தையல்களும் பிரிப்பதற்கென்றே போட்டவை, ஒவ்வொன்றும் நீளம் நீளமாக. தோளிலும் அக்குளிலும் இடுப்பிலும் பார்த்தேன்: உள்ளும் புறமும் கறுப்பு, நெருக்கமான, பிரியவே பிரியாத தையல். ஆக, மடிப்புக்கு வந்ததும் மிஷினை நிறுத்தியிருக்கிறார். பாபினை மாற்றி, தையலின் நீளத்தைக் கூட்டி, மூன்றையும் ஓட்டி முடித்துவிட்டு மறுபடி பழையபடி மாற்றியிருக்கிறார். விடிந்தால் அடக்கம் என்ற இரவில், இன்னொரு உடையும் பாக்கி இருக்கும்போது.

ஒரு மடிப்பைப் பிரித்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மற்ற இடமெல்லாம் வெயிலிலும் துவைப்பிலும் சாயம் போயிருக்க, மடிப்புக்குள் மறைந்திருந்த துணி மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த கறுப்பிலேயே இருந்தது. உடையைச் சுற்றி ஒரு பட்டைபோல் அது தெரிகிறது. காலையில் தங்கை அதைப் பார்த்து, “அக்கா, நான் இவ்வளவா வளர்ந்திருக்கிறேன்?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பட்டையின் அகலத்தை விரலால் அளந்து தம்பிகளிடம் காட்டிவிட்டு வந்தாள். பெருமை கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

யார் தைத்தது என்று அதன்பிறகு விசாரித்துப் பார்த்தேன். “நான் துணி வெட்டியதோடு சரி” என்றார் ஒருவர். இன்னொருவர் தான் கழுத்துப்பட்டி மட்டுமே தைத்ததாகச் சொன்னார். க்வில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வை தைக்க ஒரே சட்டத்தைச் சுற்றி வருடக்கணக்காக உட்கார்ந்த பெண்களுக்கு அவரவர் தையல் நன்றாகவே தெரியும். சித்தியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எண்பது தாண்டிய பாட்டி ஒருவர் மடிப்பைத் தடவிப் பார்த்து, “நானாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பதை நம் பெண்கள் சில சமயம் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடிக்கிறார்கள்.

அதனால்தான் இப்படி ஊரறிய எழுத வேண்டியிருக்கிறது. அம்மா, அக்கா, நீங்கள் யாராக இருந்தாலும் கேளுங்கள். அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் எல்லாரும் அந்த மூன்று நாளைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். குதிரைகளை எங்கே கட்டுவது, இத்தனை பேருக்கு உருளைக்கிழங்கு போதுமா, ஆராதனைக்கு உட்காரும் பெஞ்சுகளை ஏற்றிவரும் வண்டி எப்போது வரும். நீங்கள் அக்டோபரைப் பார்த்தீர்கள். இந்தப் பிள்ளை வளர்வாள் என்று பார்த்தீர்கள். அப்போது மடிப்பைப் பிரிக்க அவளுடைய அம்மா இருக்கமாட்டாள், அக்காதான் விளக்கடியில் தனியாக உட்கார்ந்திருப்பாள், அவளுக்குக் கண் தெரிய வேண்டும் என்பதுவரை பார்த்தீர்கள். காலம் ஆற்றும் என்று பலர் எங்களிடம் சொன்னார்கள், நல்ல எண்ணத்தில்தான். நீங்கள் அந்தக் காலத்துக்கு வேண்டிய துணியை உள்ளே வைத்துத் தைத்துவிட்டீர்கள்.

இனி மற்றவர்களுக்கு. ஒவ்வொருவராகச் சொன்னால் பத்திரிகைக்காரர்கள் பாதியில் வெட்டிவிடுவார்கள்.

செய்தி வந்த மாலையே தொழுவத்துக்குள் நுழைந்து, யாரிடமும் கேட்காமல் பால் கறக்கத் தொடங்கியவர்களுக்கு நன்றி. மாடுகளை இன்னும் விற்கவில்லை. பெரியப்பாவின் மகன்களும் என் தம்பிகளும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு குழிகளையும் மண்வெட்டியால் தோண்டியவர்களுக்கு நன்றி. அந்த வாரம் மண் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அம்மா கல்யாணத்தன்று உடுத்திய வெள்ளை மேலாடையையும் ஏப்ரனையும் பெட்டியிலிருந்து தேடி எடுத்து அவருக்கு உடுத்திவிட்ட பெண்களுக்கு நன்றி. வரிசை குழம்பாமலிருக்க ஒவ்வொரு குதிரை வண்டியிலும் சாக்பீஸால் எண் எழுதிய பையன்களுக்கும், உலர்திராட்சை வைத்துப் பலகாரம் சுட்டுக் குவித்தவர்களுக்கும், கார்டன்வில் தீயணைப்புப் படைக்காக வசந்தத்தில் நடக்கும் ‘சேற்று ஏலத்துக்கென்று’ வைத்திருந்த க்வில்ட்டை எங்கள் பாட்டியின் தோளில் போர்த்திவிட்டுப் போனவருக்கும் நன்றி. எங்கள் சபையில் இன்ஷூரன்ஸ் எடுக்கும் வழக்கம் இல்லை. மருத்துவமனைக் கணக்கை, சபையின் உதவிப் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் டீக்கன் என் கண்ணில் காட்டவே இல்லை. கேட்டபோது, “அது முடிந்துவிட்டது” என்றார். அந்தத் தொகையில் யார் பங்கு எவ்வளவு என்று தெரியாது. எல்லாருக்கும் சேர்த்து நன்றி.

நேரம் பார்க்காமல் காரில் கூட்டிப்போன ஆமிஷ் அல்லாத அண்டை வீட்டாரே, பெட்ரோல் காசுகூட வாங்க மறுத்தீர்கள். அது எங்களுக்குச் சங்கடம். அடுத்த முறை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒஹையோவிலிருந்தும் இண்டியானாவிலிருந்தும் இன்னும் நான் கேள்விப்படாத ஊர்களிலிருந்தும் கடிதம் எழுதியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எங்கள் அடக்க ஆராதனையில் இறந்தவரைப் புகழ்ந்து பேசுவது கிடையாது. கல்லறையை மூடும்போது பாட்டைக்கூடப் பாடுவதில்லை, வாசிப்பார்கள். அது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். இருந்தாலும், பெற்றவர்களைப் பற்றி எதையாவது கேட்க மாட்டோமா என்று ஏங்கியிருந்த நேரத்தில் உங்கள் கடிதங்கள் வந்தன. அப்பா வாலிபத்தில் ஏலத்தில் நொண்டிக் குதிரையை வாங்கி ஏமாந்த கதையை ஒருவர் எழுதியிருந்தார். எங்களுக்குத் தெரியாத கதை. தம்பிகள் அதை மனப்பாடமே செய்துவிட்டார்கள். ‘ஆண்டவர் சித்தம்’ என்று ஒரே வரி எழுதிய அட்டைகளும் வந்தன. அவையும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. குதிரைக் கதையைத்தான் அடிக்கடி எடுக்கிறோம்.

அந்தக் காரை ஓட்டி வந்த இளைஞருடைய அம்மாவுக்கும் எழுத வேண்டும். 2006 அக்டோபரில் எங்கள் கவுண்டியில் நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் பள்ளியில் ஐந்து சிறுமிகள் சுடப்பட்டு இறந்தபோது, நம் பெரியவர்கள் அன்றைக்கே சுட்டவரின் குடும்பத்தைத் தேடிப் போனார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். வெளியூர்ப் பத்திரிகைகள் அதை ஒரே நாளில் முடிந்த காரியம்போல எழுதின. அப்படி முடிவதில்லை. காலையில் மன்னித்ததைச் சாயங்காலம் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கிறது. அம்மா, நீங்கள் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்த நாட்களில் எனக்கு அது சற்றுச் சுலபமாக இருந்தது. வருவதை நிறுத்திவிட்டீர்கள். வாருங்கள். மகனையும் கூட்டி வாருங்கள். தம்பிகள் அவரோடு பேசுவார்கள்.

கோடையில் என்னோடு ஞானஸ்நான வகுப்பில் இருந்த தோழிகளே, 1632-இல் எழுதிய பதினெட்டு விசுவாசக் கட்டுரைகளில் முதல் இரண்டைத் தாண்டாமலே நின்றுவிட இருந்த என்னை நீங்கள்தான் இழுத்துப் போனீர்கள். இலையுதிர்காலத்தில் உங்களோடு நானும் முழங்காலிட்டேன். பள்ளிக்கூடத்தில் என் இடத்தில் பாடம் நடத்துகிற பெண்ணுக்கும் நன்றி. அது இனி அவளுடைய இடம். நான் திரும்பக் கேட்கப்போவதில்லை. வீட்டிலிருந்தே தையல் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன், பிள்ளைகளின் உடைகள்தான் அதிகம் வருகின்றன.

சபைப் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் துக்கம் நேர்ந்தாலும், பிள்ளைகளின் கறுப்பு உடைகளை என்னிடம் கொடுத்துவிடுங்கள். இரவு எத்தனை மணியானாலும் வண்டியை அனுப்புங்கள். சாம்பல் நூல் சுற்றிய பாபின் ஒன்று மிஷின் இழுப்பறையில் எப்போதும் தயாராக இருக்கும். மூன்று மடிப்பு வைப்பேன். ஆண் பிள்ளைகளின் கால்சட்டைக்கு இது எப்படி ஒத்துவரும் என்று இன்னும் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, மார்ச் மாதம் சாப்பாடு கொண்டுவந்தவர்களின் பாத்திரங்கள் இன்னும் எங்கள் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பெயர் ஒட்டியவற்றைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பெயர் இல்லாதவை: நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டு, கைப்பிடி ஆடுகிற பெரிய சட்டி, மூடி தொலைந்த கண்ணாடிக் கிண்ணம் இரண்டு, பலகாரம் சுடுகிற தகரத் தட்டுகள் ஒரு அடுக்கு. சட்டியின் கைப்பிடியைத் தம்பி முடுக்கிவிட்டான். திங்கட்கிழமை துவைக்கிற நாள், அன்றைக்கு மட்டும் வேண்டாம். மற்ற எந்த நாளும் வந்து அடையாளம் சொல்லி எடுத்துப் போங்கள். காப்பி போடுகிறேன்.