டாங்கோ நகரங்களை எதைக் கொண்டு அளப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டாங்கோ ஆடும் உலக நகரங்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இந்த நடனத்துக்கு ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால் எந்த ஊரில் வாரத்துக்கு எத்தனை நடன மாலைகள் நடக்கின்றன என்ற எண்ணிக்கை ஒன்றையே கட்டுரையாளர் அளவுகோலாகக் கொண்டுவிட்டார். அந்தப் பட்டியல் சுற்றுலா ஏற்பாடு செய்பவருக்கு உதவலாம். ஆடப் போகிறவருக்கு உதவாது. 15 ஆண்டுகளாக இந்த நடனத்தை ஆடி வருபவள் என்ற முறையில், ஒரு நகரத்தின் டாங்கோவை எடைபோட நான் கேட்கும் கேள்வி வேறு: யாரையும் அறியாத ஒருவர் அங்கே அரங்குக்குள் நுழைந்தால், அவருக்கு ஆட வாய்ப்பு எந்த வழியில் கிடைக்கிறது?

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் நடன மாலைக்கு மிலோங்கா என்று பெயர். பழைய முறையைக் கைவிடாத மிலோங்காக்களில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் எதிர்ப்பக்கமுமாக அமர்கிறார்கள். யாருக்கு எந்த மேசை என்பதை வாசலில் நிற்கும் ஏற்பாட்டாளரே முடிவு செய்கிறார். ஆட அழைப்பது வாயால் அல்ல, கண்ணால்; கபெசேயோ என்ற சொல்லுக்கே தலையசைப்பு என்றுதான் பொருள். எதிர்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் என்னைப் பார்க்கிறார். நான் பார்வையை விலக்காமல் இருந்தால் தலையை ஒரு விரற்கடை சாய்க்கிறார். நானும் சாய்த்தால் பேச்சு முடிந்தது. அப்போதும் அவர் தளத்தின் ஓரமாக நடந்து என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும் வரை நான் எழுந்திருப்பதில்லை, ஏனென்றால் அந்தத் தலையசைப்பு எனக்குப் பின்னால் இருப்பவருக்கு உரியதாகவும் இருந்திருக்கலாம். எனக்கு விருப்பம் இல்லையென்றால் வேறு பக்கம் பார்த்துவிடுகிறேன். அவர் அழைத்ததும் நான் மறுத்ததும் எங்கள் இருவருக்கு அப்பால் யாருக்கும் தெரிவதில்லை.

இதோடு இசையின் ஒழுங்கும் சேர்ந்துகொள்கிறது. மூன்று அல்லது நான்கு பாடல்கள் கொண்ட தாண்டா என்ற தொகுதி முடிந்ததும், டாங்கோவுக்குத் தொடர்பில்லாத ஏதோ ஓர் இசைத் துணுக்கு ஒலிக்கிறது. அதற்குத் திரைச்சீலை என்று பொருள்படும் கொர்த்தினா என்று பெயர். அது கேட்டதும் தளம் முழுவதும் காலியாகிவிடுகிறது, எல்லோரும் தத்தம் இடத்துக்குத் திரும்புகிறார்கள். ஆகவே ஏறக்குறைய 12 நிமிடத்துக்கு ஒரு முறை புதியவருக்கு மறுபடி ஒரு வாய்ப்பு பிறக்கிறது. பழகியவர்கள் இன்னும் நுணுக்கம் பார்ப்பார்கள்: டாங்கோ இசைக்குழுத் தலைவர்களில் தி சார்லியின் நிதானமான இசைக்கு ஒரு துணை, புக்லியேசேயின் இழுபறியான தாளத்துக்கு வேறொரு துணை என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

ஐரோப்பிய நகரங்களின் தளர்வான பழக்கத்தைக் கட்டுரையாளர் மிகவும் பாராட்டியிருக்கிறார். பெர்லினில் 1913-இல் தொடங்கிய கிளேர்ஹென்ஸ் பால்ஹவுஸ் போன்ற நடனக்கூடமும் உண்டு, கோடையில் ஆற்றங்கரையில் ஆடும் கூட்டமும் உண்டு. பாரிஸில் சேன் நதியோரத்துக் கல்தளத்தில் கோடை மாலைகளில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடலாம். ஜோடியில் ஆட்டத்தை யார் நடத்துவது, யார் பின்தொடர்வது என்பதை ஆண் பெண் என்ற பேதத்தோடு முடிச்சுப் போடாத குயர் டாங்கோவுக்கு முதல் விழா 2001-இல் ஹாம்பர்கில் நடந்தது என்பதும் சிறிய செய்தி அல்ல. இவற்றின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் என் அனுபவத்தில், விதி தளர்ந்த இடத்தில்தான் வெளியூர்க்காரர் அதிக நேரம் உட்கார்ந்திருக்க நேர்கிறது. எல்லோரும் கலந்து அமர்ந்து நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது, அறியாத முகத்தை ஏறிட்டுப் பார்க்க வேண்டிய தேவை ஒருவருக்கும் இருப்பதில்லை. இப்படி ஓர் ஊரின் திறந்தவெளிக் கூட்டத்தில், ஆட்டக் காலணியை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, அதே காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நான் திரும்பியிருக்கிறேன். இக்குறையைத் தீர்க்கத்தான் ஐரோப்பாவில் முன்பதிவு செய்து, நடத்துபவரும் பின்தொடர்பவரும் சம எண்ணிக்கையில் கூடும் சந்திப்புகள் பெருகின போலும். அங்கே உள்ளே போய்விட்டால் ஆட்டம் கிடைக்கும், ஆனால் உள்ளே போவதே கடினம்.

பின்லாந்தைக் கட்டுரையாளர் ‘வெறும் நகல்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது எனக்கு வருத்தமளித்தது. டாங்கோ அங்கே 1913 வாக்கிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னர் டாங்கோ இசைக்கே உரிய துருத்திக் கருவியான பாந்தோனியோனின் இடத்தை அக்கார்டியன் பிடித்துக்கொள்ள, சோக இழையோடும் சொந்த மெட்டுகள் அந்த மொழியிலேயே பிறந்தன. 1985 முதல் செய்னாயோகி நகரில் இதற்கென்றே கோடை விழா நடக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர்களுடைய நடனக் கொட்டகைகளின் வழக்கம்: ஆண்கள் அழைக்கும் முறை, பெண்கள் அழைக்கும் முறை என்று நேரத்தைப் பிரித்துவிடுகிறார்கள், இரண்டு பாடல்கள் ஆடி முடித்ததும் துணையை அவர் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். அடிவைப்பு வேறு, அணைப்பு வேறு, ஆனாலும் புதியவரை ஒதுக்காத அந்த ஏற்பாட்டில் புவெனஸ் ஐரிஸுக்கு நெருங்கிய உறவு பாரிஸ் அல்ல, பின்லாந்தின் ஏரிக்கரைக் கொட்டகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு திருத்தங்களையும் பதிவு செய்ய விரும்புகிறேன். உருகுவேயின் தலைநகரான மான்டிவிடியோவின் பெயர் பட்டியலில் எங்குமே இல்லை. 2009-இல் யுனெஸ்கோ டாங்கோவைப் பண்பாட்டு மரபாக அறிவித்தது அர்ஜென்டினாவும் உருகுவேயும் சேர்ந்து அளித்த விண்ணப்பத்தின் பேரில்தான்; உலகெங்கும் மிலோங்காக்களில் வழக்கமாகக் கடைசியாக ஒலிக்கும் லா கும்பர்சீதா என்ற டாங்கோ மெட்டை இயற்றியவரும் மான்டிவிடியோக்காரரே. அடுத்து, புவெனஸ் ஐரிஸில் இந்த நடனம் ‘இடையறாது’ ஆடப்பட்டு வந்தது என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. 1950-களின் பிற்பகுதியிலிருந்து அது பெரிதும் சுருங்கிப்போய், புறநகர் மன்றங்களில் சிலரால் மட்டுமே காப்பாற்றப்பட்டது. 1983-இல் பாரிஸில் அரங்கேறிய ‘டாங்கோ அர்ஜென்டினோ’ என்ற மேடை நிகழ்ச்சி பல நாடுகளில் ஆர்வத்தைக் கிளறிய பிறகே புவெனஸ் ஐரிஸிலும் இளைஞர்கள் திரும்பி வந்தார்கள். டோக்கியோவுக்கு 1920-களில் டாங்கோவைக் கொண்டுசென்ற மெகாதா என்ற ஜப்பானியப் பிரபுகூட அதைப் பாரிஸில்தான் கற்றார். பாந்தோனியோனோ ஜெர்மனியில் பிறந்து கப்பலேறிய கருவி. இத்தனை போக்குவரத்துக்குப் பிறகு எது அசல், எது நகல் என்று ஊர்களுக்கு முத்திரை குத்துவது எப்படிப் பொருந்தும்?

கடைசியாக, கட்டுரையோடு வெளியான படத்தைப் பற்றி. பெண் தன் காலை ஆணின் இடுப்பளவுக்குத் தூக்கிச் சுற்றியிருக்கும் அந்தக் காட்சி மேடை டாங்கோவைச் சேர்ந்தது. மிலோங்காவில் ஜோடிகள் ஒருவர் பின் ஒருவராக, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், ஒரு முழ இடைவெளியில் நகர்கிறார்கள். பாதம் தரையை விட்டு அதிகம் உயர்வதில்லை. அங்கே யாராவது அப்படிக் காலைத் தூக்கினால், அது பின்னால் வருகிறவரின் முழங்காலில்தான் போய் இறங்கும். அடுத்த முறை தயவுசெய்து ஒரு சாதாரண மிலோங்காவின் படத்தை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி