தீர்மான நோட்டு இனி உன் கையில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன வாரம் கூட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழுவின் புதுத் தலைவி என்று உன் பெயரைச் சொன்னதும் நீ எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிவிட்ட பிறகுதான் எழுந்தாய். வெளியே வரும்போது, "எனக்கு என்னக்கா தெரியும், நான் எட்டாவதோட நின்னவ" என்றாய். 2022-இல் என்னை இதே குழுவுக்குத் தலைவி ஆக்கியபோது நானும் ஏறக்குறைய இதையேதான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறித்தான் தெரிந்துகொண்டேன். உனக்கு அந்தப் பாடு வேண்டாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த 2024-இல் எத்தனையோ ஊர்களில் உன்னைப் போல அம்மாக்கள் புதிதாக வந்திருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். உன் பெயரையும் ஊர்ப் பெயரையும் எங்கும் எழுதவில்லை, பயப்படாதே.

முதல் நாலைந்து மாதம் நான் செய்த ஒரே வேலை கையெழுத்துப் போட்டதுதான். நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டிக்கொண்டிருப்பேன். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தீர்மான நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். நடுவில் பேனா செருகியிருக்கும். எந்த இடத்தில் போடவேண்டும் என்று பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போட்டுக் கொடுப்பேன், அவன் திரும்ப ஓடுவான். ஒருநாள் காற்றில் பக்கம் புரண்டு முந்தின மாதத்துத் தீர்மானம் கண்ணில் பட்டது. 'கழிப்பறையில் தண்ணீர் வசதி நன்றாக உள்ளது என உறுப்பினர்கள் திருப்தி தெரிவித்தனர்' என்று எழுதி, கீழே என் கையெழுத்து. அந்த மாதம் முழுக்க என் மகன் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு, மணி அடித்ததும் பையைக்கூட இறக்காமல் வீட்டுக் கொல்லைக்கு ஓடிக்கொண்டிருந்தான். பெண் பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய், "டீச்சர், இனிமே நான் வந்து உக்காந்து படிச்சிட்டுத்தான் போடுவேன்" என்றேன். சண்டை வரும் என்று நினைத்தேன். ஹெச்.எம். டீச்சர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "கூட்டத்துக்கு யாரும் வர்றதில்லம்மா, மேல அறிக்கை கேக்கறாங்க, நான் என்ன பண்றது" என்றார். அது அவருடைய பக்கம். தப்பு எங்கள் பக்கமும் இருந்தது. அடுத்த கூட்டத்தில் தண்ணீர் வரவில்லை, மோட்டார் எரிந்துபோய் மூன்று மாதம் ஆகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம். ஊராட்சியிலிருந்து குழுவில் இருந்தவரும் அதில் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வாரம் மோட்டார் ஓடியது. அதுவரை நாங்கள் வாயால் கேட்காத நாளில்லை. நோட்டில் எழுதியபிறகுதான் நடந்தது.

இது யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இடம் இல்லை. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பதும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளிக்கு வளர்ச்சித் திட்டம் போடுவதும் நம் வேலை என்று அதிலேயே இருக்கிறது. நோட்டை ஒருநாளும் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்ப விடாதே. உன்னிடம் கையெழுத்து வாங்க ஒரு பையன் கால் மணி நேரம் பாடத்தை விடக்கூடாது.

சரி, இப்போது 61-க்கு வருகிறேன். இந்த எண்ணை மனசில் எழுதிக்கொள்.

அதே சட்டத்தின் அட்டவணையில் தொடக்கப் பள்ளிக்குக் கணக்கு இருக்கிறது. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. 91 ஆனால் நான்கு. என் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த 2019-இல் நம் பள்ளியில் 38 பிள்ளைகள். கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது, ஃபீஸ் கட்டமுடியாத வீடுகளிலிருந்து வேன் ஸ்கூல் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எண்ணிக்கை 56 ஆனது. ஐந்து வகுப்பு, 56 பிள்ளைகள், இரண்டு டீச்சர். ஒன்று முதல் மூன்றுவரை ஒருவர், நான்கும் ஐந்தும் ஹெச்.எம். பார்க்கிறார். ஹெச்.எம். மீட்டிங் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒரே டீச்சர் தலையில். அந்த நாட்களில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பத்திரமாக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதனால் 2023 மே மாத வெயிலில் நாங்கள் நாலு அம்மாக்கள் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஆகஸ்ட் 1-ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகும். ஜூலை நடுவில் 62 வந்துவிட்டது. நான் கோயிலில் தேங்காய்கூட உடைத்தேன். அப்புறம் இரண்டே வாரத்தில் மூன்று பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று என் சொந்த நாத்தனார் பிள்ளை. ஆகஸ்ட் 1-இல் 59.

நாத்தனாரிடம் ஒரு மாதம் நான் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளே வந்து உட்கார்ந்து, "ஒரே டீச்சர் மூணு கிளாஸ் பாக்கற எடத்துல எப்படி அண்ணி விடறது? உங்க பையன் கெட்டிக்காரன், எம்புள்ள அப்படியா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகள் இல்லை என்று டீச்சர் வரமாட்டேன் என்கிறது, டீச்சர் இல்லை என்று பிள்ளைகள் வரமாட்டேன் என்கிறது. இந்தச் செக்கைச் சுற்றித்தான் நம்மைப் போன்ற சின்னப் பள்ளிகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற தாயைத் திட்டாதே. நகையை அடகு வைத்துத்தான் அவளும் ஃபீஸ் கட்டுகிறாள். அவள் பார்ப்பது டையையும் ஷூவையும் மட்டும் என்று நினைக்காதே. தன் பிள்ளையை யாராவது ஒருத்தர் தினமும் கவனிக்கவேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள்.

சிலர் வேறு காரணத்துக்காகவும் அனுப்பமாட்டார்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்கிற கணக்கு அது. அந்த வீட்டுக்கும் போய்க் கூப்பிடு. ஆனால் 'தனியா உக்கார வைப்பீங்களா' என்று கேட்டால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடு. 61-க்காகக்கூட அதற்குத் தலையாட்டாதே.

வாசலில் நின்று பேசும்போது நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பெண் பிள்ளை கல்லூரி போனால் மாதம் 1000 ரூபாய் என்றெல்லாம் அடுக்கினேன். ஒரு வீட்டில் விவரம் தெரிந்த அண்ணன் ஒருவர், "அதெல்லாம் ஆறாவதுலேருந்து கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சாப் போதும்மா, ஒண்ணாவதுக்கு ஏன் சொல்றே?" என்று கேட்டார். அவர் சொன்னதுதான் சரி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் சொன்ன உண்மைகளும் எடுபடவில்லை. நம் பள்ளியில் இன்றைக்கு இருப்பதை மட்டும் சொல்.

காலை உணவைத் தாராளமாகச் சொல்லலாம். 2023 ஆகஸ்ட் 25-இல்தான் அது எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. நாம் கோட்டைவிட்ட அதே மாதம். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் அந்த மூன்று பேரில் ஒருவராவது நின்றிருப்பார்களோ என்று இன்னும் நினைத்துக்கொள்வேன். ஒன்பதே முக்காலுக்கு ஆடி அசைந்து வந்த பிள்ளைகள் இப்போது எட்டரைக்கே தட்டோடு நிற்கிறார்கள். நடவு நாளில் விடியும்முன் கிளம்பிவிடும் அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்கே தெரியும். முன்னால் சொல்லாமல் ஒருநாள் போய் நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார். நன்றாக இருந்தால் சமைக்கிறவளிடம் சொல்லிவிட்டு வா.

ஆனால் நீ பார்க்கவேண்டியதில் முதன்மையானது வாசிப்பு. சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, கேட்டுக்கு வளைவு வைப்பது எல்லாம் பிறகு.

2022-இல் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். கணீரென்று குரல். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாமல் வாசித்தாள். அவள் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு ஏதோ தோன்றி, நடு வரியில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன கண்ணு?" என்றேன். அவள் அந்தச் சொல்லைப் பார்க்கவில்லை. கண்ணை மேலே தூக்கிக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தச் சொல் வரும் இடம் வந்ததும் என் விரலைப் பார்த்து நிறுத்தினாள். ஒரு எழுத்தும் தெரியாது. ஒன்றாம் வகுப்பில் ஒருநாள்கூட உட்காராமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை அது. பள்ளி மூடிக்கிடந்த காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் வந்தார்கள்.

டீச்சருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அந்த ஜூனில்தான் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியிருந்தது. பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் அவரவர் இருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தருவார்கள். அந்தப் பிள்ளை அரும்பில் இருந்தாள். அவள் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "மூணாவது படிக்கற புள்ளைக்கு அ, ஆ சொல்லித்தர்றாங்களே" என்று அழுதாள். நானும் டீச்சரும் அவளை உட்கார வைத்துப் பேசினோம். சாயங்காலம் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வியிலும் அவளைச் சேர்த்தோம். எட்டு மாதம் ஆயிற்று. ரேஷன் கடை பலகையை அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதை நானே என் காதால் கேட்டேன். நாத்தனாருக்கு நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் அந்தப் பிள்ளைதான். அப்போது எனக்குத் தோன்றவில்லை. அடுத்த முறை வீடுகளுக்குப் போகும்போது துண்டுப் பேப்பரோடு போகாமல் அந்த மாதிரி ஒரு பிள்ளையையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. உன் மகளிடமும் இன்றைக்கே நடு வரியில் விரலை வைத்துப் பார்.

டீச்சர் எப்போதும் செல்லையே நோண்டிக்கொண்டிருக்கிறார் என்று உன்னிடம் வந்து சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள். நேராகப் போய்க் கேட்டேன். அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வருகைப் பதிவு, மதிப்பீடு எல்லாம் ஆப்பில் ஏற்றவேண்டும். அன்று நம் ஊரில் சிக்னல் இல்லை, அரை மணி நேரமாக அது சுற்றிக்கொண்டே இருந்தது. குறை சொன்னவர்களிடம் போய் இதைச் சொன்னேன். ஆனாலும் இரண்டே டீச்சர் இருக்கும் பள்ளியில் பாட நேரம் இப்படிப் போவது நியாயம் இல்லை. அதையும் தீர்மானமாக எழுதி மேலே அனுப்பினோம். இன்னும் பதில் இல்லை. நீ மறுபடி எழுது.

இன்னொன்று, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மகனைச் சேர்த்த அன்று நானே டீச்சரிடம், "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்றேன். எல்லாப் பெற்றோரும் சொல்வதுதானே. ஒருநாள் ஸ்கேலால் விரல் முட்டியில் அடி வாங்கி, பென்சில் பிடிக்க முடியாமல் வந்தான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை, அனுமதி கொடுத்தது நான்தானே. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனசு நோகப் பேசுவதையும் தடை செய்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. புதிதாகச் சேர்க்க வருகிற யாராவது உன் எதிரில் அப்படிச் சொன்னால், அங்கேயே மெதுவாகத் தடுத்துவிடு. நான் என் மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் மறந்துவிட்டேன் என்றான். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை குழுவில் 24 பேர், முன்னாள் மாணவர்களும் வருகிறார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் நம்பரை வாங்கி வைத்துக்கொள். பள்ளி நோட்டு ஹெச்.எம். அறை பீரோவில் இருக்கும். நானாகக் குறித்து வைத்த நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது, பச்சை அட்டை போட்டது. எந்த வீட்டில் எத்தனை வயதுப் பிள்ளை என்று அதில் எழுதியிருக்கிறேன். நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்போது பள்ளியில் 57 பேர். ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு முடித்து 11 பேர் போவார்கள். 61 வரவேண்டும் என்றால் ஒன்றாம் வகுப்புக்கு 15 பேர் சேரவேண்டும். பச்சை நோட்டில் 13 வரை எண்ணியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வருகிற ஜூனுக்குள் ஐந்து வயது முடிகிறது. அவர்கள் அம்மா இன்னும் பிடிகொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டில்தான் இருப்பாள். ரேஷன் கடை பலகை படித்த பிள்ளையும் வருகிறேன் என்றிருக்கிறாள். ஐந்து மணிக்கு நான் உன் வீட்டு வாசலில் நிற்பேன், கிளம்பியிரு.

உன் அக்கா